குழிக்குத் தண்ணீர் காட்டியவன்

விஷுவுக்கு முந்தின நாள் காலை, கரண்ட் பில்லை விசிறிபோல மடித்துப் பிடித்துக்கொண்டு நபீசா வாசலில் வந்து நின்றபோது, உத்தமன் இரண்டாவது தோசையில் இருந்தான்.

"உத்தமேட்டா, தின்னு முடிங்க. வெறும் வயித்துல இருக்கிறவங்கள நான் திட்டுறதில்ல."

"என்ன நபீசா, பில்லா?"

"பில்லா இது? ரெண்டு மாசத்துக்கு நானூறு யூனிட்தான் வரணும். இப்ப ஆயிரத்து எழுநூறு. நாங்க மிளகா அரைக்கிறோமா, இல்ல விமானம் ஓட்டுறோமா?"

நபீசா, கரிம்பம்பாறையில் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் மசாலாப்பொடி மில்லின் செயலாளர். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி உத்தமனின் மனைவி சௌதாமினி. மில்லுக்கு வயரிங் செய்தது, எர்த் போட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது எல்லாமே உத்தமன். அதனால் பில் ஏறினாலும் அவன்தான் பதில் சொல்லவேண்டும், பல்பு ஃப்யூஸ் போனாலும் அவன்தான் பதில் சொல்லவேண்டும்.

"பக்கத்துல எவனாவது கொக்கி போட்டிருப்பான்" என்றான் உத்தமன், தோசையைச் சட்னியில் புரட்டிக்கொண்டே.

"பக்கத்துல இருக்கிறது பள்ளிவாசல் கபர்ஸ்தான். அங்க யாரு ஃபேன் போட்டுத் தூங்குறா?"

உத்தமனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. நபீசா தானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இருபத்தாறு வருஷமாக அந்தப் பையோடுதான் சுற்றுகிறான். எட்டு ஊர்களில் வயரிங் என்றால் உத்தமேட்டன். அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தால் மின்சார ஆபீசில் மறுபேச்சு இல்லாமல் இணைப்புக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தின்மேல் அவனுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

இங்கே எங்கள் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். எங்கள் பக்கம் மண் என்று பெயருக்குத்தான் மண். ஒரு அடி தோண்டினால் செம்புரைக்கல். மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு குளிர்ந்து கிடக்கும். தை பிறந்தால் காய்ந்து வறட்டியாகிவிடும். காய்ந்த கல் கரண்டை உள்ளே விடாது. எர்த் குழிக்கு அதுதான் வினை. மெஷினின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு கம்பி இறங்கி அந்தக் குழிக்குள் போகிறது. என்றைக்காவது கரண்டுள்ள வயர் இரும்பில் பட்டுவிட்டால், அந்தக் கரண்ட் கம்பி வழியாக மண்ணுக்குள் குதிக்கவேண்டும், குதிக்கிற வேகத்தில் ஃப்யூஸ் போகவேண்டும். மண் கரண்டைத் தடுத்தால் ஃப்யூஸ் போகாது, கரண்ட் இரும்பிலேயே காத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தடையை ஓம் கணக்கில் அளந்து, குறைவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் இணைப்பு.

எங்கள் பாறையில் குறைவாக வராது. அதற்கு எங்கள் வயர்மேன்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அளக்கிற நாளன்று காலையிலேயே குழிக்குள் பத்துப் பன்னிரண்டு குடம் தண்ணீர், இரண்டு கிலோ கல்லுப்பு. மண் ஊறியதும் எர்த் மீட்டரை வைத்தால் முள் பணிந்துவிடும். வரும் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான். இதற்கு எங்கள் பக்கத்தில் குழிக்குத் தண்ணி காட்டுவது என்று பெயர். தண்ணி காட்டியது குழிக்கா, ஆபீசுக்கா என்று யாரும் கேட்டதில்லை.

மில்லின் குழிக்கு ஜனவரியில் தண்ணி காட்டினார்கள். கிணற்றிலிருந்து இறைத்து, பன்னிரண்டு குடமும் சுமந்தது சௌதாமினிதான்.

"என்ன பூஜை இது?" என்று ஆறாவது குடத்தில் அவள் கேட்டாள்.

"குழிக்குத் தாகம்டீ. ஊத்து."

மீட்டர் நாலு ஓம் காட்டியது. நாலு என்று எழுதினான். பொய் எழுதவில்லை. மீட்டர் காட்டியதைத்தான் எழுதினான். தண்ணீர் ஊற்றாமல் அளந்தால் என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு குழியைக்கூட அவன் அளந்து பார்த்ததில்லை.

மில்லுக்குள் மிளகாய் நெடி. விஷு ஆர்டரின் கடைசிப் பாக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு வேலை முடியும், பிறகு மில்லைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்று ஏற்பாடு. மூன்று மாதமாகப் படிந்த பொடி, தரையிலும் சுவரிலும் மெஷினிலும். பொடி ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று அதுவரை மில்லுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. எல்லார் காலிலும் ரப்பர் செருப்பு.

சௌதாமினி வறுக்கும் அண்டாவிலிருந்து நீளமான மரத்துடுப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும், "வந்தாரு பாரு எங்க மந்திரி" என்றாள்.

"மந்திரிக்கு டீ உண்டா?"

"முதல்ல அந்த மெஷினைப் பாருங்க. தொட்டா விரல் நுனியில ஜிவ்வுங்குதுன்னு போன மாசமே சொன்னேன். அப்ப என்ன சொன்னீங்க?"

சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. 'உன் பேரு சௌதாமினி, மின்னல்னு அர்த்தம். மெஷின்தான் உன்னைத் தொட்டுப் பயந்திருக்கும்' என்று சொல்லியிருந்தான். அவளும் அன்று சிரித்துவிட்டாள். பொடி பறக்கிற இடத்தில் காய்ந்த காற்றில் அப்படித்தான் இருக்கும், கம்பளியைத் தேய்த்தால் வருகிற மாதிரி, என்று பிறகு ஒரு விளக்கமும் கொடுத்திருந்தான். விளக்கம் கொடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"மெஷின் மட்டும் இல்ல" என்றாள் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. "பள்ளிவாசல் பூனை அந்த எர்த் குழி மூடிமேலதான் படுத்துக் கிடக்கும். இப்ப அந்தப் பக்கமே வர்றதில்ல."

"பூனைக்கும் நான்தான் வயரிங் பண்ணணுமா?" என்றான் உத்தமன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்கு, விசிறி, மெஷின் எல்லாம் நின்றன. மில் மொத்தமும் நிசப்தம். வெளியே சுவரில் மாட்டியிருந்த மீட்டரைப் போய்ப் பார்த்தான். மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது. வாட்ச்சைப் பார்த்து எண்ணினான். ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை.

"நபீசா! இங்க வா, திருடன் மாட்டிக்கிட்டான்" என்று கூப்பிட்டான். "மெயினை அணைச்சாச்சு. ஒரு பல்பு எரியல. மீட்டர் மட்டும் ஓடுது. மீட்டர் கோளாறு! இப்பவே ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துடறேன். பில்லு பூராவும் திரும்ப வரும்."

நபீசாவின் முகம் மலர்ந்தது. "உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். ராவிலே பாயசம் அனுப்புறேன்."

அவன் பையில் கிளாம்ப் மீட்டர் இருந்தது. வயரை அறுக்காமல், சும்மா சுற்றி மாட்டினாலே உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும் கருவி. எர்த் கம்பியில் அதை ஒரு நொடி மாட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். மாட்டவில்லை. தான் போட்ட எர்த்தைத் தானே சந்தேகப்படுகிறவனா அவன்?

ஸ்கூட்டரை உதைக்கும்போது உள்ளே பார்த்துச் சொன்னான்: "மெயின் ஆஃப்லயே இருக்கட்டும். ஒரு பயமும் இல்லாம தண்ணி ஊத்திக் கழுவுங்க."

செக்‌ஷன் ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். வழியில் டீ குடித்தான், பழம்பொரி தின்றான், கடைக்காரனிடம் மீட்டர்களின் அயோக்கியத்தனத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். ஆபீசுக்குப் போனபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. விஷுவுக்கு ஊருக்குப் போனவர்கள் போக, சப் எஞ்சினியர் பிரஸீதா மட்டும் இருந்தாள். முப்பது வயதுப் பெண். குறைவாகப் பேசுவாள், எதையும் எழுதிப் பார்த்துத்தான் நம்புவாள்.

"மெயினை அணைச்ச பிறகும் சிமிட்டிச்சா? எத்தனை தடவை?"

"நிமிஷத்துக்குப் பதினஞ்சு. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

பிரஸீதா காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டாள். "அந்த மீட்டர் எண்ணூறு தடவை சிமிட்டினா ஒரு யூனிட். பதினஞ்சை அறுபதால பெருக்கினா தொள்ளாயிரம். அப்ப மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு வாட். நாளைக்கு இருபத்தேழு யூனிட். பில்லுல கூடுதலா எத்தனை?"

"ஆயிரத்து முந்நூறு."

"நாப்பத்தெட்டு நாள்" என்றாள், வகுத்துப் பார்த்து. "மார்ச் பிறக்குறதுக்கு முன்னாலயே தொடங்கியிருக்கு. கணக்கு ஒத்துப்போகுது." பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "கணக்கு இவ்வளவு ஒத்துப்போனா மீட்டரைத் திட்ட எனக்கு மனசு வர்றதில்ல உத்தமேட்டா. வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சை இருநூத்தி முப்பதால வகுங்க. கிட்டத்தட்ட அஞ்சு. அஞ்சு ஆம்பியர் நிஜமாவே எங்கியோ போகுதுன்னு வச்சுக்கோங்க. மெயினை அணைச்ச பிறகும் போகுதுன்னா, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல போகுது. அங்க என்ன இருக்கு?"

"கேபிள் மட்டும்தான். இரும்புக் குழாய்க்குள்ள வருது."

"குழாய் எர்த்தோட சேர்ந்ததுதானே?"

"ஆமா. குழாய், பெட்டி, மெஷின், எல்லாம் ஒரே எர்த்."

பிரஸீதா எழுந்துபோய் அலமாரியிலிருந்து மில்லின் ஃபைலை எடுத்துவந்தாள். உத்தமனின் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் விரலை வைத்தாள். "எர்த் நாலு ஓம். அப்ப கேபிள் குழாய்ல பட்டிருந்தா, இருநூத்தி முப்பதை நாலால வகுத்தா, அம்பத்தேழு ஆம்பியர் பாயணும். முப்பத்திரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் எப்பவோ போயிருக்கும். போகல. அப்ப கசிவு இல்ல." ஃபைலை மூடினாள். "நீங்க சொன்னதுதான் சரி. மீட்டர் கோளாறு. விஷு கழிஞ்சு வந்து மாத்திடறேன்."

உத்தமன் தலையாட்டினான். ஜெயித்துவிட்டான். காகிதத்தில் அவன் எழுதிய நாலு, கல்லில் வெட்டின மாதிரி அங்கே நின்று அவனை ஜெயிக்கவைத்தது.

ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. தாளில் அவள் எழுதியிருந்த ஐந்தைப் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், அது கணக்கைத் திருப்பிப் போட்டு வகுத்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இருநூற்று முப்பதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு.

நாற்பத்தாறு ஓம். ஏப்ரல் மாதம். செம்புரைக்கல். ஜனவரியில் ஊற்றின தண்ணீர் போய் மூன்று மாதம். மிச்சம் மீதி இருந்த ஈரத்தையும் குழிக்குள் ராப்பகலாக இறங்கிய கரண்டின் சூடு, ஒரு இஸ்திரிப்பெட்டியின் சூடு, குடித்துத் தீர்த்திருக்கும்; பூனை வராததும் அதனால்தான். நாலு என்பது எண் இல்லை, பன்னிரண்டு குடம் தண்ணீர்.

மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. கேபிள் குழாயில் பட்டிருக்கிறது. குழி அந்தக் கரண்டை வாங்கவில்லை. அப்படியென்றால் இருநூற்று முப்பது வோல்ட்டும் மெஷினின் இரும்பில் நிற்கிறது. மெயினை அணைத்தாலும் நிற்கிறது. ரப்பர் செருப்பும் காய்ந்த தரையும் இருந்ததால் ஜிவ்வென்றதோடு போயிற்று. லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்தது ஞாபகம் வந்தது. நனைந்த மனுஷ உடம்பு ஆயிரம் ஓம். இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்தால் ஆம்பியரில் கால்வாசிக்குக் கிட்டே. ஆளைக் கொல்ல அதில் பாதி போதும்.

மணியைப் பார்த்தான். பதினொன்று நாற்பத்தாறு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். பயமில்லாமல் கழுவச் சொன்னவன் அவன்தான்.

போனை எடுத்து சௌதாமினியைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மில்லுக்குள் போன் கூடாது, எல்லாப் போன்களும் வெளித் திண்டில் பைகளுக்குள் கிடக்கும். பொடியில் பூச்சி, முடி, போன் எதுவும் இருக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நபீசா.

"என்ன உத்தமேட்டா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் பிரஸீதா.

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல'வைச் சொன்ன வாயைப் பிறகு எத்தனையோ நாள் அவன் கையால் அடித்துக்கொண்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரான்ஸ்பார்மரில் ஆளைவிட்டு லைனையே துண்டித்துவிடுவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை 'அந்த நாலு பொய்' என்பது. சொன்னால் லைசென்ஸ் போகும். எட்டு ஊர்களிலும் அவன் கையெழுத்து செல்லாக்காசு. தானே போய்விட்டால்? ஏழு கிலோமீட்டர், விரட்டினால் பன்னிரண்டு நிமிஷம். போய் மீட்டர் பக்கத்து ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. ராத்திரியில் குழிக்கு இன்னும் பன்னிரண்டு குடம் ஊற்றிவிட்டால்?

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஸ்கூட்டரை உதைத்தான், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான், கிளம்பியது. கேட் வரைக்கும் போனான். அங்கே நிறுத்தினான். பன்னிரண்டு நிமிஷத்தில் அவர்கள் மெஷினைக் கழுவத் தொடங்கியிருப்பார்கள். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"மேடம், அந்த நாலு நாலு இல்ல. நான் தண்ணி ஊத்தி அளந்தது. நாப்பத்தாறு இருக்கும். மெஷின் பூரா கரண்ட்டு. அவங்க இப்ப கழுவிட்டிருக்காங்க. லைனைக் கட் பண்ணுங்க. தெய்வமே, லைனைக் கட் பண்ணுங்க!"

பிரஸீதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்தாள். "சுகுணா, எங்க இருக்கே? கரிம்பம்பாறை டிரான்ஸ்பார்மர், இந்த நொடியே இறக்கு. ஏன்னு அப்புறம் சொல்றேன். ஓடு." லைன்மேன் சுகுணன் ஓடினான். போனில் அவன் மூச்சு இரைப்பது கேட்டது. இறக்கிவிட்டேன் என்று அவன் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்து மூன்று.

அதற்குள் நடந்துவிட்டிருந்தது.

நபீசா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, மெஷினின் வாயைத் துடைக்கக் கையை வைத்தாள். வைத்த கை வரவில்லை. அவள் கத்தவும் இல்லை. வாசற்படியில் நின்ற சௌதாமினிதான் முதலில் பார்த்தாள். நபீசத்தா ஏன் இப்படி மெஷினைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு நொடி புரியவில்லை. மறு நொடி வயர்மேனின் பெண்டாட்டிக்குப் புரிந்துவிட்டது. "யாரும் உள்ள வராதீங்க!" என்று அலறி, படியில் நின்றபடியே அந்த நீள மரத்துடுப்பை எட்டி நீட்டி, நபீசாவின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். இரண்டாவது அடியில் கை விட்டது. நபீசா ஈரத்தில் சாய்ந்தாள். துடுப்பின் வளைந்த முனையை அவள் பாவாடையில் மாட்டிப் படிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. மிளகாய்ப் பொடி கலந்த சிவப்புத் தண்ணீர் படி வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணிக்கு டாக்டர் வந்து சொன்னார்: கண் திறந்துவிட்டாள், பேசுகிறாள், இதயம் பரவாயில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் எலும்புவரை வெந்துவிட்டன. அவற்றை வைத்திருக்க முடியுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

மில் பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். ஒருத்தி உத்தமனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க லைனைக் கட் பண்ணச் சொல்லலேன்னா நாங்க பத்துப் பேரும் இன்னிக்கு..." என்று முடிக்காமல் நிறுத்தினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

எல்லாரும் உள்ளே போனபிறகு, பெஞ்சின் ஓரத்தில் சௌதாமினியும் அவனும் மட்டும் இருந்தார்கள். அவன் சொல்லிவிட்டான். நாலு, நாற்பத்தாறு, தண்ணீர், உப்பு, எல்லாம். கேபிள், மெயின் பெட்டிக்குள் நுழைகிற குழாய் விளிம்பில், மெஷினின் அதிர்ச்சியில் உரசி உரசித் தோல் கிழிந்து, நகம் அளவுக்குச் செம்பு தெரிந்ததைச் சுகுணன் போனில் சொன்னதையும் சொன்னான்.

அவள் கையில் ஒட்டியிருந்த மிளகாய்ப்பொடியைத் தேய்த்துத் துடைத்தாள்.

"அந்தப் பன்னண்டு குடமும் நான் சுமந்தது" என்றாள்.

"ஆமா."

"தெனம் ஒரு குடம் ஊத்தியிருந்தா?"

"குழி ஈரமா இருந்திருக்கும். வயர் பட்ட அன்னிக்கே ஃப்யூஸ் போயிருக்கும்."

"அவ்வளவுதானா? தெனம் ஒரு குடம்?" அவள் குரல் உடைந்தது. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேனே. துளசிக்கு ஊத்துறேன், கோழிக்கு வைக்கிறேன், இதுக்கு ஊத்த மாட்டேனா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் ஊற்றவேண்டும் என்று கேட்பார்கள். கேட்டால், அளந்த அன்றைக்கு ஊற்றியது எதற்கு என்று வரும். அதனால் சொல்லவில்லை. அதையும் சொன்னான். சொல்லி முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தான்.

சௌதாமினி மடியிலிருந்து போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நபீசத்தாவைப் படியில கிடத்திட்டு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பதினொண்ணு அம்பத்தொண்ணு. பேசி முடிச்ச பிறகுதான் டிரான்ஸ்பார்மர்கிட்ட சத்தம் கேட்டு லைன் போச்சு. அப்ப போன்ல பாத்தேன். நீங்க கூப்பிட்டிருக்கீங்க. பதினொண்ணு நாப்பத்தாறு."

அவன் அந்த எண்ணைப் பார்த்தான். மறுபடியும் நாற்பத்தாறு.

"நாப்பத்தாறுக்கு உங்களுக்குத் தெரியும். தெரியாம கூப்பிட மாட்டீங்க. அங்க ஆபீஸ்ல அந்தப் பொண்ணு பக்கத்துலயே இருந்தா. அவகிட்ட எப்பச் சொன்னீங்க?"

"அம்பதுக்கு."

"நடுவுல என்ன பண்ணினீங்க?"

வாயைத் திறந்தான். விளக்கம் கொடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று சொன்னேனே, அந்த வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"யோசிச்சேன்" என்றான்.

சௌதாமினி போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. எழுந்து நபீசா படுத்திருந்த வார்டுக்குள் போனாள். அன்று ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தாள்.

விஷு விடிந்தது. எல்லா வீட்டிலும் கொன்றைப்பூவும் கண்ணாடியும் வைத்துக் கணி பார்த்தார்கள், பட்டாசு வெடித்தது. உத்தமன் வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை. ஏழு மணிக்கு அவன் எர்த் மீட்டரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனான். மில்லுக்கு வரும் லைன் இன்னும் துண்டித்தபடிதான் இருந்தது. கம்பியைக் கழற்றி, அளக்கும் முளைகளை மண்ணில் அறைந்து, மீட்டரை மாட்டி உட்கார்ந்தபோது பின்னால் காலடி கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள் சௌதாமினி. கிணற்றில் இறைத்த குடம் இடுப்பில்.

ஊற்றவில்லை. நின்றாள்.

"அளந்தாச்சா?"

"இதோ." இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காய்ந்த குழியை அளந்தான். முள் ஏறி நின்றது.

"எத்தனை?"

"நாப்பத்தேழு."

"எழுதுங்க."

எழுதினான். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டான். பிரஸீதாவிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் பேனாவை மூடின பிறகுதான் அவள் குடத்தைச் சாய்த்தாள். காய்ந்த மண் தண்ணீரைச் சத்தம் போட்டுக் குடித்தது.

"நபீசத்தாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"ம்." காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். "இந்த மாதிரி இன்னும் எத்தனை குழி இருக்கு?"

எட்டு ஊர், இருபத்தாறு வருஷம். மரமில், ஐஸ் பிளாண்ட், கோயில் பம்ப் செட், கல்யாண மண்டபம். உத்தமன் எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டான். முளைகளைப் பிடுங்கித் துடைத்துப் பைக்குள் போட்டான்.

"பள்ளிக்கூடத்துத் தண்ணிக் குழாய் மோட்டருக்கு நான்தான் எர்த் போட்டேன்" என்றான். "முதல்ல அங்க போகலாம். ஜூன் ஒண்ணாம் தேதி திறக்கிறாங்க."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள்.